கக்கத்தில் பூட்ஸ்

என் மாமாவுக்கு இல்லாத முகத்தை வரைய வராது. அம்மாவின் தம்பி அவர். ஒரு பதிப்பகத்தில் பாடநூல்களுக்குத் தவளையின் இதயமும் மழைமானியும் வரைந்துகொண்டிருந்தார். அவர்கள் பழைய ரஷ்ய நாவல் ஒன்றை வெளியிட முடிவு செய்தபோது படம் போடும் வேலை அவர் தலையில் விழுந்தது. கற்பனையாக வரைந்த முகங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாக வந்தன. அதனால் தெரிந்தவர்களை இழுத்துவந்து நாவலுக்குள் உட்காரவைத்தார். தொப்பை நீதிபதி, பதிப்பக முதலாளி. தலையில் துணி கட்டிய விதவை, அம்மா.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே என்னை இப்படி ஆக்கிட்டியேடா" என்று அம்மா சண்டைக்குப் போனாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

நாவலில் ஒரு குடிகாரக் குமாஸ்தா வருவான். பனி கொட்டும்போது தன் வீட்டு வாசலில் வந்து சரிவான். மகள் கதவைத் திறப்பாள். பனியை மாமா வரைவதே இல்லை. தாளை வெறுமையாக விட்டுவிட்டால் அதுதான் பனி. ஆனால் குமாஸ்தாவுக்கு முகம் வேண்டுமே. கை தானாக அப்பாவை வரைந்தது. இப்போதைய அப்பாவை அல்ல, குடியை விடுவதற்கு முந்தைய அப்பாவை.

அப்பா ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுகிறார். குடித்த காலத்தில், வீட்டில் சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். வந்து நேரே கதவில் முட்டிக்கொள்வார். மாமா குமாஸ்தாவின் கக்கத்தில் பூட்ஸை இடுக்கினார். நாவலில் அப்படி ஒரு வரி கிடையாது.

முதலாளி அந்தப் படத்தைத்தான் அட்டைக்கு எடுத்தார்.

அதிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில்தான் மதியம் சாப்பிடுவார். எதிரே அப்பா உட்கார்ந்து, லிஃப்டில் ஏறுகிற நர்ஸ் முதல் டாக்டர் வரை எல்லாரிடமும் மச்சினன் படம் போட்ட புத்தகம் வரப்போவதைச் சொல்லிவிட்டதாகப் பெருமையடிப்பார். அந்த மனிதர்களில் பலர் அவர் தள்ளாடுவதைப் பார்த்தவர்கள். குடியை விட்ட பிறகுதான் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள்.

மாமா முதலாளியிடம் போய் வேறு படத்தை அட்டைக்குப் போடும்படி கெஞ்சினார். "அது ஒண்ணுதான்யா உயிரோட இருக்கு. மத்ததெல்லாம் கோட்டு மாட்டின பொம்மை" என்றார் முதலாளி. சின்னத் திருத்தம் என்று பொய் சொல்லி, படத்தை வாங்கிவந்து குமாஸ்தாவுக்கு நெஞ்சுவரை தாடி வைத்தார் மாமா. பூட்ஸையும் அழித்தார். அழித்ததும் படம் செத்துப்போனது. பூட்ஸை மறுபடி வரைந்துவிட்டார். பூட்ஸை ஏன் அழிக்கவில்லை என்று பிறகு அம்மா கேட்டபோது, "மறந்துட்டேன்க்கா" என்றார். மறக்கவில்லை என்பதை என்னிடம் மட்டும் சொன்னார்.

புத்தகம் வந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். அவர் விரல் கக்கத்துப் பூட்ஸின் மேல் நின்றது.

"தாடி நல்லா இருக்கு, மாப்பிள்ளை."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"தப்புதான், மச்சான்."

அப்பாவின் விரல் வாசலுக்கு நகர்ந்தது. கதவைத் திறக்கும் பெண்ணின் முகம் நிழலில் இருந்தது. மாமா அதை வரையவே இல்லை.

"இவ முகத்தை ஏன் விட்டுட்டே?"

"அப்போ நான் அங்க இல்லையே. அவ எப்படிப் பார்த்தான்னு எனக்குத் தெரியாது."

"நான் இருந்தேன். எனக்கும் தெரியல" என்றார் அப்பா.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கதவைத் திறந்தவள் நான்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

புத்தகத்தை அப்பா வேலைக்கு எடுத்துப்போகவில்லை. என் பழைய பள்ளிக்கூடப் பையிலிருந்து பழுப்புக் காகிதம் எடுத்து, மூலைகளை மடித்து, அழகாக அட்டை போட்டார். அழுக்காகாமல் இருக்கட்டும் என்று சொல்லி, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியில் வைத்தார்.

மாமா இப்போதும் மதியம் வருகிறார். அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க, மாப்பிள்ளை" என்று அப்பா அள்ளி வைக்கிறார். அதுதான் மாமாவுக்குத் தாங்க முடியவில்லை.