எல்லாருக்கும் ஒரே டைபாய்டு

வீரபாண்டியில் இருபத்திரண்டு வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தினேன். நகல் எடுப்பதைவிட ஆன்லைன் அப்ளிகேஷன் போடுவதும் கடிதம் டைப் அடிப்பதும்தான் அதிகம். கம்பெனிக்கு ஓடுகிற அவசரத்தில் வருகிறவர்கள், "நீங்களே பாத்துப் போட்டுருங்க" என்பார்கள். நானும் பார்த்துப் போட்டுவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நன்றாக அமைந்த கடிதத்தை அழிக்க மாட்டோம். பெயரையும் தேதியையும் மாற்றி அடுத்தவருக்கும் பிரிண்ட் எடுப்போம். என் கம்ப்யூட்டரில் 'மார்க் குறைவு' என்று ஒரு ஃபைல் இருந்தது. மகளுக்கு டைபாய்டு வந்ததால் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று தொடங்கும். ஹாஸ்டல் பள்ளிக்கு விண்ணப்பித்த, மார்க் குறைந்த பிள்ளைகள் எல்லாருக்கும் என் கடையில் டைபாய்டுதான்.

ஒரு மார்ச் மாதம் செல்வராணி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கூடவே மகள் ஜெனிபர், எட்டாம் வகுப்பு. ஹாஸ்டல் வசதியுள்ள பெயர்பெற்ற பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குச் சில இடங்களே இருந்தன. நுழைவுத் தேர்வை நன்றாக எழுதி, நேர்காணல் வரை வந்துவிட்டாள். ஆனால் ஏழாம், எட்டாம் வகுப்பு ரேங்க் கார்டு படுமோசம். அதற்குக் காரணம் எழுதிப் பெற்றோர் கடிதம் வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"இவ அங்க சேந்துட்டா போதும் அண்ணாச்சி. நாங்க எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் இவ பள்ளிக்கூடம் மாற வேண்டாம்லா," என்றார்.

கடிதத்தை அவரே நோட்டுத் தாளில் எழுதி வந்திருந்தார். மங்கலம், சாமளாபுரம், வீரபாண்டி என்று வேலை மாறியதில் மகளுக்கு இரண்டு வருடத்தில் மூன்று பள்ளி. கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் பல நாள் அவளை வீட்டில் நிறுத்தியிருக்கிறார். 'தப்பு என் மேலதான், பிள்ளை மேல இல்லை' என்று முடித்திருந்தார்.

படித்துவிட்டு அந்தத் தாளை மேஜை ஓரமாக வைத்தேன். "ஏனுங்க, இதையெல்லாம் எழுதுனா சீட்டு குடுப்பாங்களா? பொறுப்பில்லாத ஊடுன்னு நெனப்பாங்க. உடுங்க, நான் பாத்துக்கறனுங்க," என்று டைபாய்டு ஃபைலைத் திறந்தேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதால் செல்வராணி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நேர்காணலுக்கு மறுநாள் இருவரும் வந்தார்கள்.

"பெரிய டீச்சர் இவகிட்ட, டைபாய்டு எந்த மாசம் வந்துச்சுன்னு கேட்டாங்க. இவ, 'எனக்கு வரவே இல்ல மிஸ், தம்பியப் பாத்துக்கிட்டு வீட்ல இருந்தேன்'னுட்டா. அப்ப லெட்டர் பொய்யான்னு என்னையக் கேக்காங்க. நான் என்னத்தச் சொல்லுவேன்? கையெழுத்து என்னுதுலா."

அதே வாசகத்தில் இன்னொரு பிள்ளையின் கடிதமும் மேஜையில் இருந்ததாம். அதுவும் நான் அடித்ததுதான். மார்க் குறைந்ததைப் பொறுப்போம், பொய்யைப் பொறுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

செல்வராணி சத்தம் போடவில்லை. "நான் எழுதுன தாளையாவது தாங்க அண்ணாச்சி. கொண்டுபோய்க் காட்டிப் பாக்கேன்."

ஒரு பக்கம் எழுதிய தாளை நாங்கள் வீணாக்க மாட்டோம், மறுபக்கத்தில் டெஸ்ட் பிரிண்ட் எடுப்போம். தேடி எடுத்தபோது பின்பக்கத்தில் யாருடைய கரண்ட் பில்லோ அச்சாகியிருந்தது. கூனிக் குறுகிப்போனேன். அதை எடுத்துக்கொண்டு நானும் அவர்களோடு பள்ளிக்குப் போய், "தப்பு என்னுதுங்க" என்றேன்.

தலைமையாசிரியை முழுவதும் படித்தார். "இதை அப்பவே வெச்சிருந்தா சேத்திருப்பனுங்க. காலையிலதான் லிஸ்ட் போட்டோம். இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க," என்றார். ஜெனிபர் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அன்றே அந்த ஃபைலை அழித்தேன். அழித்து என்ன பயன்?

ஜூனில் அவர்கள் பல்லடம் பக்கம் வேலைக்கு மாறினார்கள். டிசி நகல் எடுக்க ஜெனிபர் வந்தாள். அது அவளுக்கு நாலாவது பள்ளி. கையிலிருந்த சேர்க்கைப் படிவத்தை நிரப்பித் தரலாம் என்று பழக்கதோஷத்தில் கை நீட்டினேன். "நானே எழுதிக்கிடுதேன் மாமா," என்று படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளே, எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். சொல்ல வந்ததில் கை வைக்காதீர்கள். அந்த அம்மா எழுதியதை அப்படியே டைப் அடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதை நான் செய்யவில்லை.