அத்தி சாகவில்லை

இந்த அத்தியைப் பற்றி எங்கள் ஆட்களிடையே இரண்டு கதைகள் உலவுகின்றன. நான் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரான அக்கா, எந்தக் கலியாண மண்டபத்தில் என்னைக் கண்டாலும், மரம் செத்துவிட்டது என்றும், நான் கடையில் வேறொரு கன்றை வாங்கி ஒருவரும் அறியாமல் நட்டுவிட்டேன் என்றும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். அது உண்மையன்று. ஆகவே, என் கண் கண்டதையும் என் கை தொட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஊகத்தைச் சேர்த்தால் என் கதையும் அவருடையதைப் போல ஆகிவிடும்.

ரொறன்ரோவின் மேற்குப் பகுதி, தொண்ணூறுகளின் முற்பாதி. அக்காவும் அவர் கணவரும் மேலே இருந்தார்கள், நான் கீழே பேஸ்மென்றில். வீட்டுக்குப் பின்னாலிருந்த வளவின் வேலிக்கு அப்பால் ஒரு போர்த்துக்கேய முதியவர் இருந்தார். இலையெல்லாம் உதிர்ந்திருந்த ஒருநாள், தம்முடைய அத்தியில் வெட்டிய கொப்பு ஒன்றை அவர் வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டினார். பழத்துக்காக வளர்க்கும் சீமையத்தி. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஆனால் தடியை மரமாக்குவதை எனக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. நட்ட தடியே துளிர்த்து வேலியாக நிற்கும் கதியால்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். கொப்பைச் சாண் நீளத் துண்டுகளாக்கி, கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டினேன். மேல்வெட்டில் சாணி அப்புவது எங்கள் வழக்கம். சாணி இல்லாததால் களிமண்ணை அப்பினேன். வெறுமையான தயிர் வாளிகளில் ஈரமண்ணை நிரப்பித் தடிகளை ஊன்றி, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்கு அருகில் வைத்தேன். மற்றவை அழுகின. ஒன்று வேர்பிடித்தது.

சில ஆண்டுகள் அது கோடையில் வெளியிலும் குளிரில் என்னோடு பேஸ்மென்றிலும் இருந்தது. பிறகு படிக்கட்டில் இறக்க முடியாத அளவுக்கு வளர்ந்தது. அண்ணையிடம், அதாவது அக்காவின் கணவரிடம், கேட்டுப் பின்வளவில் நட்டேன். அவர் மறுக்கவில்லை. அந்த மரம் குளிரில் நின்றபடி பிழைக்காது. முதியவர் தம் மரத்துக்குச் செய்ததை வேலிக்கு இப்பால் நின்று பார்த்து நானும் செய்தேன்: வேரின் ஒரு பக்கத்தை வெட்டி, கொப்புகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, நீளமாகக் கிடங்கு வெட்டி, மரத்தை அதற்குள் மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்து, பலகை, சருகு, பழைய கம்பளம், எல்லாவற்றுக்கும் மேலே மண். வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது ஆள் நீளத்தில் ஒரு மேடு கிடந்தது.

அக்கா கிச்சின் யன்னலைத் திறந்தார்.

“தம்பி, ஆரைப் புதைச்சனீர்?”

“அத்தியை, அக்கா. படுக்கவச்சிருக்கிறன்.”

“உயிரோடயோ?”

“ஓம். உயிரோட இருக்கவேணும் எண்டுதான்.”

“நல்ல வடிவாயிருக்கு! யன்னலைத் திறந்தால் சுடலை. பொங்கலுக்கு வாற சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?”

“அத்தி நித்திரை எண்டு சொல்லுங்கோ.”

அன்று மாலை அண்ணை படியிறங்கி வந்தார். கதிரையில் அமராமல் நின்றபடியே பேசினார்.

“தம்பி, நீர் கோவிக்கக்கூடாது. மனிசிக்கு அது அபசகுனமாம். கிளப்பி எறிஞ்சுவிடுமன்.”

“மரம் போகவேணுமெண்டால் அதோட நானும் போறன் அண்ணை. வேற ஆளைப் பாருங்கோ.”

“ஒரு தடிக்கோ?”

“ஓம். ஒரு தடிக்குத்தான்.”

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடு, வளவு, ஊர் எல்லாவற்றிலிருந்தும் பிறர் சொல்லுக்கு எழும்பிப் போனவன் நான். இந்த நாட்டு மண்ணில் என் கையால் வேர்பிடித்தது அது ஒன்றுதான். அதை எழுப்ப இனி யாருக்கும் இடங்கொடுக்க எனக்கு மனமில்லை. அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு மேலே போனார். பொங்கலும் வந்து போயிற்று. விருந்தினர்கள் மேட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். மேடு அப்படியே கிடந்தது.

பனி உருகத் தொடங்கியபின் ஒரு காலை, கண்கூச வெயில் எறித்தது. நான் வேலைக்குப் புறப்பட்டபோது அக்கா கேட்டார்:

“இன்னும் மூடியோ வச்சிருக்கிறீர்? எப்பிடி எறிக்குது பாரும்!”

“உது வெளிச்சம் அக்கா, வெக்கையில்லை.”

அந்த மாலை திரும்பி வந்தபோது மேடு இல்லை. பலகைகள் வேலியோடு ஒழுங்காகச் சாத்தப்பட்டிருந்தன. மரம் நிமிர்த்தப்பட்டு, தடியொன்றோடு கட்டப்பட்டிருந்தது. அடியைச் சுற்றி வட்டமாகப் பாத்தி. பாத்தி நிறையத் தண்ணீர். வெயில் எறித்தால் வெப்பமும் இருக்கும் என்று எங்கள் ஆட்கள் மட்டுமே நம்புவார்கள். மறுபடி சாய்க்கப் பார்த்தேன்; வேர் சேற்றில் முறியும்போல இருந்தது. கிடைத்த போர்வைகளையெல்லாம் சுற்றினேன். விடிந்தபோது பாத்தித் தண்ணீர் கண்ணாடியாக உறைந்திருந்தது. பிறகு கொப்புகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. நகத்தால் சுரண்டினேன், பட்டைக்கடியில் பச்சை இல்லை.

“செத்ததை ஏன் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? வெட்டி எறியும்,” என்றார் அக்கா.

வெட்டினேன், ஆனால் எறியவில்லை. கறுத்த பகுதியை மட்டும் துண்டு துண்டாகக் கீழிறங்கி வெட்டினேன். கடைசியில் தரையோடு முழங்கை நீளக் கட்டை எஞ்சியது. அதற்கும் தண்ணீர் ஊற்றினேன். வேலிக்கு அப்பாலிருந்து முதியவர் கையை விரித்துக் காட்டினார். அவரும் கைவிட்டுவிட்டார். நான் விடவில்லை.

மற்ற மரங்களெல்லாம் இலை தள்ளி நிழல் தந்தபின், கட்டையின் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு முளை வந்தது. அதன் ஓர் இலையைக் கிள்ளினேன். பால் கசிந்தது. முளை நின்ற இடத்து மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தேன்: அது பழைய கட்டையின் வேரிலிருந்தே வந்திருந்தது. கடைக் கன்று என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

இப்போது நான் ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற நகரில் இருக்கிறேன். அந்த முளையிலிருந்து வெட்டிய தடி இங்கே மரமாக நிற்கிறது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அதைப் புதைக்கிறேன்; பின்வளவில் அல்ல, தெருவில் போவோர் வருவோர் எல்லோரும் பார்க்க முன்வளவில்.

பனி உருகிய அந்த நாளில் மேட்டைக் கலைத்தவர் யார் என்று அக்காவிடமும் அண்ணையிடமும் கேட்டேன். தான் வேலைக்குப் போயிருந்ததாக அண்ணை சொன்னார். காற்றாயிருக்கும் என்றார் அக்கா. காற்று பாத்தி கட்டாது. அதற்குமேல் நான் ஒன்றையும் காணவில்லை. மரத்தை நிமிர்த்தியவர் யார் என்பது எனக்குத் தெரியாது. அதைக் கொல்ல நினைத்துச் செய்தாரா, வாழவைக்க நினைத்துச் செய்தாரா என்பதும் தெரியாது.