கை கழுவாமல் எடுத்த துண்டு

அகிதாவில் பனி கூரையை மூடும் மாதங்களில் தோமிகோவின் வீட்டினுள் எவரும் எளிதில் நுழைந்துவிட முடியாது. மேலங்கியை வாசலிலேயே உதற வேண்டும். சோப்பிட்டு மணிக்கட்டுவரை கை கழுவ வேண்டும். அண்ணாந்து தொண்டை அதிரக் கொப்பளிக்க வேண்டும். முகக்கவசம் மூக்குக்குக் கீழே இறங்கினால் தபால்காரருக்கும் ஏச்சு உண்டு. காற்று வறண்டுவிடலாகாதென்று அடுப்பின்மேல் கெண்டி ஓயாது ஆவி விட்டுக்கொண்டிருக்கும். முன்னொரு குளிர்காலத்தில் சளிக்காய்ச்சல் முற்றிக் கணவர் ரோகுரோவின் நுரையீரல் பழுதுபட்டது. அன்றுமுதல் இவையெல்லாம் அவளுக்கு நித்திய அனுட்டானங்களாயின.

எதிர்வீட்டுக் கிகுனோ அவளினும் மூத்தவள், தனியே வாழ்பவள். குளிர் மிகும் நாள்களில் முள்ளங்கியும் கணவாயும் சேர்த்து வேகவைத்து மூடியிட்டுக் கொண்டுவருவாள். அன்றும் வந்தாள். முழங்கையில் முகம் புதைத்து இருமினாள். பனி அள்ளியதில் தொண்டை கட்டிக்கொண்டது, பயப்படாதே என்றாள். தோமிகோ இரு கைகளாலும் பாத்திரத்தை வாங்கி, தலை தாழ்த்தி நன்றி சொன்னாள்.

கதவு மூடியதும், ஆவி பறக்கும் அதனை அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்த்தாள். அக்கணம் கதவு மீண்டும் நகர்ந்தது. வாசலிலிருந்து பார்த்தால் சமையலறை நேரே தெரியும்.

"கையுறைய விட்டுட்டுப் போயிட்டேன்" என்றாள் கிகுனோ. செருப்பு அலமாரியின்மேல் கிடந்ததை எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திச் சென்றாள்.

மறுபடியும் ஒரு கொதி விட்டிருந்தால் போதுமே என்று தோமிகோவுக்கு அதன் பிறகுதான் தோன்றியது. சாப்பாட்டு வேளையில் கணவாய் வாசனை வந்ததே என்று ரோகுரோ கேட்க, நடந்ததைச் சொன்னாள். எல்லாம் உங்கள் நெஞ்சுக்காகத்தான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"எனக்காகன்னு சொல்லாத. அந்தப் பழியையும் இந்த நெஞ்சு தாங்காது."

அயலார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது அவ்வூரில் வழக்கமன்று. எதை இட்டுத் தருவதென்று தெரியாமல் அதனைத் துலக்கித் துலக்கி வைத்திருந்தாள். இதற்குள் கிகுனோ காய்ச்சலில் படுத்துவிட்டாள் என்ற செய்தி வந்தது. தன் அச்சம் மெய்யாயிற்றே என்னும் ஆறுதல் ஒரு துளியும் எழவில்லை. அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஊறிய புளிப்பு உமெப்பழம் ஒன்றை நடுவில் வைத்து, அப்பாத்திரத்திலேயே கொண்டுபோனாள்.

கதவுக்கு அப்பாலிருந்து குரல் மட்டும் வந்தது. "உள்ள வராத தோமி. வீட்டுல அவர் இருக்காரில்ல, ஒட்டிக்கப்போவுது. அங்கயே வெச்சுட்டுப் போ."

"அக்கா, அன்னிக்கு நான்..."

"பனி கொட்டுதுடி. போ."

தன்னைக் கடிந்திருந்தால் தோமிகோவுக்கு இலேசாக இருந்திருக்கும். ரோகுரோவை எண்ணியல்லவா கிகுனோ கதவைத் திறவாதிருந்தாள்!

காய்ச்சல் தணிந்து, தனித்திருக்க மருத்துவர் சொன்ன நாள்களும் கழிந்தபின் கிகுனோ அதே பாத்திரத்துடன் வந்தாள். படியேறவில்லை. வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"கஞ்சியில உப்பு கம்மி. நோயாளிக்குத்தானேன்னு விட்டுட்டியா?" என்றாள். "இது நல்லாக் கொதிச்சதுதான். ஆனாலும் நீ ஒரு தரம் கொதிக்க வெச்சுக்க."

தோமிகோ மூடியைத் திறந்தாள். முகக்கவசத்தைக் கீழே இழுத்து, அங்கேயே குந்தி, விரலால் ஒரு துண்டு முள்ளங்கியை எடுத்து வாயிலிட்டாள்.

"கை கழுவினியாடி?" என்று கேட்டாள் கிகுனோ.

தோமிகோ இல்லையென்று தலையசைத்தாள். முள்ளங்கி வெண்ணெய்போல் வெந்திருந்தது.