துரை நின்றால் என்ன அர்த்தம்

ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்காக யாராவது "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தால் போதும், "உங்க பாவத்தை நீங்களே வெச்சுக்குங்க, எந்த டாக்டர் வேணும், அதைச் சொல்லுங்க" என்று கத்தரித்துவிடுவாள்.

அந்தத் திமிருக்கெல்லாம் காரணம் அவளுடைய வழிகாட்டி நாய். நடையில் அப்படி ஒரு மிடுக்கு, அதனால் எல்லோருக்கும் அவன் துரை. அவன் வருவதற்கு முன்னால், பக்கத்துத் தெருவில் குடியிருந்த தங்கச்சியின் கையைப் பிடித்துத்தான் வேலைக்குப் போவாள். தங்கச்சி தலை சீவி, போனில் பேசி முடிக்கிற வரைக்கும் வாசலில் தேவுடு காக்க வேண்டும். துரை வந்ததும் அந்த அடிமைத்தனம் ஒழிந்தது.

துரையின் வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. "போ" என்றால் போவான். ஆனால் முன்னால் பள்ளமோ வண்டியோ இருந்தால், அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையமாட்டான். அப்படி அடம்பிடிக்கத்தான் மாதக்கணக்கில் பழக்கி அனுப்பியிருந்தார்கள். அவன் நின்றால் ஆபத்து, நடந்தால் வழி சுத்தம். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் நாற்சந்தியைத் தாண்டினாள்.

தங்கச்சியும் ஒரு நாய் வளர்த்தாள். புருஷன் விட்டுப் போய் மனசு உடைந்து கிடந்தவளுக்கு, டாக்டரே சொல்லி வாங்கியது. நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் மடியில் படுத்து ஆறுதல் சொல்கிற நாய்க்குப் பயிற்சி கிடையாது. அதனால் கண்ட இடத்துக்கும் அதை இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆபரேட்டர் இதைப் படித்துப் படித்துச் சொன்னாள்.

"உன் நாய்க்கு ஒரு நியாயம், என் நாய்க்கு ஒரு நியாயமாக்கா?" என்றாள் தங்கச்சி.

"என்னோடது வேலை பாக்குதுடி. உன்னோடது உனக்குத் துணை. ரெண்டும் ஒண்ணா?"

"அப்போ உங்க ஆஸ்பத்திரி வார்டுல வந்து நோயாளிங்களைக் கொஞ்சுதே, அந்த நாய் மட்டும்?"

"அதுக்குப் பரீட்சை வெச்சு, கூட்டம், சத்தம் எல்லாத்துக்கும் பழக்கித்தான் விடுறாங்க. அதுவும் அந்த வார்டோட சரி."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். தங்கச்சி தன் நாய்க்கு ஆன்லைனில் ஒரு சிவப்புச் சட்டை வாங்கினாள், துரை மாதிரி பழக்கிய நாய்களுக்குப் போடுவது போல முதுகில் 'சேவை நாய்' என்று எழுதியது. காசு கொடுத்தால் கழுதைக்கும் கிடைக்கும். அதை மாட்டிவிட்டு, அக்காவுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் சாக்கில் நாயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காவலாளி சட்டையைப் பார்த்து, சல்யூட் அடிக்காத குறையாக உள்ளே விட்டார்.

லிஃப்ட் கதவு திறந்து ஆபரேட்டரும் துரையும் வெளியே வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து ஏற்கெனவே மிரண்டிருந்த அந்தச் செல்லம் பாய்ந்து துரையின் காதைக் கவ்வியது. துரை திருப்பிக் கடிக்கவில்லை. வேலையில் இருக்கும்போது சண்டை கூடாது என்று வளர்ந்தவன். கைப்பிடிப் பட்டை வழியாக அவன் நடுங்குவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. பாவி, ஒரு கடியாவது கடித்திருக்கக் கூடாதா!

காது ஆறியது, மனசு ஆறவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள், நாய்க்கும் அதே கதைதான். எந்த நாயின் வாடை வந்தாலும் துரை நின்றான். குரைப்பதில்லை, இழுப்பதில்லை, சும்மா நிற்பான். அங்கேதான் அவள் குடி கெட்டது. பள்ளத்துக்கு நிற்கிறானா, பயத்துக்கு நிற்கிறானா? இரண்டும் அவள் கைக்கு ஒரே மாதிரிதான் இருந்தன.

ஒரு நாள் காலையில் நாற்சந்தியில் நின்றுவிட்டான். "பக்கத்துல ஏதோ நாய்டா, வா," என்று அவளாகவே முடிவு கட்டிக் காலை எடுத்து வைத்தாள். துரை குறுக்கே விழுந்து தடுத்தான். லாரி அவள் கைப்பையை உரசிக்கொண்டு போனது. அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உன்னையே நம்பாம போயிட்டேனேடா!"

துரையைப் பழக்கிய பயிற்சிக்காரர் வந்து சில நாள் கூடவே நடந்து பார்த்தார். "நாய் மேல தப்பில்லம்மா. ஆனா ஒருத்தரை ஒருத்தர் நம்பாம ரோட்ல இறங்கக் கூடாது," என்றார். துரையின் வேலை அத்தோடு முடிந்தது. அடுத்த நாய்க்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். அவளுக்கு எப்போது வரும் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

தங்கச்சி அழுதாள். "தெரியாம நடந்துடுச்சுக்கா. இனிமே நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்." அழுகை நிஜம்தான். அதை வைத்து என்ன செய்ய?

இப்போது துரை வீட்டில் படுத்துக் கிடக்கிறான். ஆபரேட்டர் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வருகிறாள், பெரும்பாலும் தாமதமாக. ஆஸ்பத்திரி வாசலில் அதே காவலாளி எழுந்து கதவைத் திறந்துவிடுகிறார்.

"தினமும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்களே! இப்படி ஒரு தங்கச்சி கிடைக்க நீங்க கொடுத்து வெச்சிருக்கணும்மா."

"ஆமாங்க," என்கிறாள் ஆபரேட்டர். வேறு என்ன சொல்வாள்? சாயங்காலம் அந்தக் கையைப் பிடித்துத்தான் வீடு திரும்ப வேண்டும்.