ஒன்பதாம் வால்வு

இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டதில்லை. நேரங்கள் எல்லாம் என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கின்றன. கேட்கிறவர்களுக்கு இப்போதும் எடுத்துக் காட்டுவேன்.

ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் வடிவமைப்பது என் தொழில். பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டைக்கூட எடை போட்டுப் பார்க்கிறவனோடு மாரடிக்கிறேன் என்பாள் என் மனைவி.

அந்த ஊரின் கடைசித் தெரு ஒரு முட்டுச் சந்து. இருபத்திரண்டு வீடுகள். தண்ணீர் தெருமுனையில் நுழைந்து, ஒரே குழாயில் போய், கடைசி வீட்டோடு நின்றுவிடும். அந்த நுனியை அடுத்த தெருக் குழாயோடு இணைத்தால், ஒரு பக்கம் உடைந்தாலும் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வரும். நூற்று நாற்பது மீட்டர் குழாய், ஒரு வால்வு. முதலில் அப்படித்தான் வரைந்தேன். செலவு கட்டாது என்று மேலிடம் கைவிரித்ததும் அந்தக் கோட்டை அழித்துவிட்டேன். பழைய குழாய் ஒழுகவில்லை என்று காட்டினால் போதும், என் வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிடும்.

அந்தச் சோதனையை நடுராத்திரியில்தான் செய்ய முடியும். எல்லா வீட்டுக் குழாயும் மூடியிருக்கும்போது தெருமுனை மீட்டர் அசையக் கூடாது. ஆனால் நான் சோதித்த மூன்று ராத்திரியும் அசைந்தது. சரியாக 2.10 முதல் 2.25 வரை. ஒழுகல் என்றால் ராத்திரி முழுக்க ஒழுக வேண்டாமா? இது திருட்டு என்று முடிவு கட்டினேன்.

சந்தேகம் வால்வு திறக்கிறவர் மேல் விழுந்தது. நீளச் சாவியும் கையுமாக அந்த நேரத்தில் நடமாடுகிறவர் அவர் ஒருவர்தான். புகார்க் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடுத்தால் அவர் வேலை போய்விடும்.

நான்காம் ராத்திரி அவரைக் கூடவே உட்கார வைத்தேன். தெருமுனை வால்வை நானே மூடினேன். பதினெட்டுச் சுற்று. சாவி என் மடியில். அவர் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் ராத்திரியில நான் பாக்கறதில்ல சார்."

எனக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

2.10.

குழாயில் கம்பியை ஊன்றி, அதன் மேல்நுனியில் காதைக் கொடுத்தேன்.

கிறீச்...

எங்கோ தூரத்தில் யாரோ ஒரு வால்வைத் திருப்பினார்கள். முட்டுச் சந்தின் கடைசியில். அங்கே வால்வே கிடையாது.

கிறீச்... கிறீச்...

எண்ணினேன். பதினெட்டு. பிறகு நின்றது.

டார்ச்சை மீட்டர் மேல் அடித்தேன்.

முள் ஓடிக்கொண்டிருந்தது. பின்னோக்கி...

முட்டிக்கொண்டு நிற்கிற குழாயிலிருந்து தண்ணீர் எப்படித் திரும்பி வரும்? வந்தாலும், நான் மூடிய வால்வைத் தாண்டி எங்கே போகும்?

"எத்தனை சுத்து சார்?"

"பதினெட்டு."

"முழுசாத் திறந்துட்டான்..."

யார் என்று கேட்டேன்.

2.25. முள் நின்றது.

மறுநாள் அலுவலகத்தில் பழைய கட்டுகளைக் கிளறினேன். அந்தத் தெருவின் வரைபடம் கிடைத்தது. நான் அழித்த அதே கோடு அதில் இருந்தது. நூற்று நாற்பது மீட்டர். நுனியில் 'வால்வு 9'. முத்திரையோடு ஒப்புதலும் இருந்தது. ஆனால் செலவைக் குறைக்க, அந்தக் குழாயைப் பதிக்காமலே விட்டிருக்கிறார்கள். வரைபடத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை.

கூடவே ஒரு விசாரணை அறிக்கை இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி அந்தத் தெருவில் தீப்பிடித்தது. அதே நேரம் தெருமுனைக் குழாய் உடைந்து கிடந்தது. அன்றைய வால்வுக்காரர் வரைபடத்தை நம்பி, ஒன்பதாம் வால்வைத் திறக்கச் சாவியோடு கடைசி வீட்டுக்கு ஓடினார். அப்போது மணி 2.10. இல்லாத வால்வைத் தேடி மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தார். 2.25க்கு எரிந்த சுவர் அவர் மேல் விழுந்தது.

நான் சந்தேகப்பட்டவரின் சொந்த அண்ணன் அவர்.

வெட்கமாக இருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அன்றே கோட்டைத் திரும்ப வரைந்தேன். மேலிடத்தோடு ஆறு மாதம் மல்லுக்கட்டிக் குழாயைப் பதிக்க வைத்தேன்.

புதுக் குழாயைக் கழுவுவதற்கு முன் திறக்கக் கூடாது. அதனால் ஒன்பதாம் வால்வை நானே மூடினேன். புது வால்வுக்குப் புது அளவுச் சாவி. ஊரில் இருந்தது அது ஒன்றுதான். அதை என் தலைமாட்டில் வைத்துத்தான் அன்றிரவு தூங்கினேன்.

காலையில் வால்வுக்காரரான அந்தத் தம்பியோடு போய்ப் பார்த்தேன். வால்வு முழுசாகத் திறந்திருந்தது.

மூடுவதற்காகச் சாவியை மாட்டினேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார். பதினோரு வருஷமாத் தேடியிருக்கான்."