பிடிமண்ணில் வந்த புளியாரை

புது வீட்டு வாசலில் அம்மா போட்ட பூப்பாத்தியில் டேலியாவைவிடப் புளியாரைக் களைதான் செழிப்பாக வளர்ந்தது. அட்டன் டவுன் துணிக்கடையில் வாரமெல்லாம் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் எனக்கு அதோடுதான் மல்லுக்கட்டு. இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும். சின்ன வெங்காயத்தைவிடச் சின்னக் கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த ஞாயிறு ஒன்றுக்குப் பத்தாக முளைத்து நிற்கும். எனக்குப் பொறுமை கிடையாது. சனியனே என்று செடியைத் திட்டுவேன்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மண்சரிவில் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த பழைய லயத்து வீடுகள் போனபோது தங்கச்சியும் போனாள். மற்றவர்களின் உடலை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள், அவளை எடுக்க முடியவில்லை. குழியில் இறக்கி, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டு அனுப்பி வைக்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. தேடுவதை நிறுத்திய அன்று அம்மா அந்தச் சரிவில் இறங்கி உரப்பையில் மண் அள்ளி வந்தாள்.

"பிடிமண்ணு சாமிக்குத்தாங்க எடுப்பாங்க, வேற எடத்துல கோயில் கட்ட. புள்ளைக்கு எடுக்குற வழக்கம் இல்லிங்க" என்றார் பூசாரி.

அம்மா காதில் வாங்கவில்லை. நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் அந்தப் பையைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள். வீடு கிடைத்ததும் வாசலில் கொட்டி டேலியா நட்டாள்.

தங்கச்சிக்குப் புளியாரை என்றால் உயிர். வழியெல்லாம் பிடுங்கித் தின்பாள், முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னும் தேடுவாள். பாத்தியில் குனியும்போதெல்லாம் அந்தப் புளிப்பு என் வாயில் ஊறும். பனி இறங்கினால் முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். பயத்தில் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

மண்ணையே மாற்றினால்தான் ஒழியும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதை எப்படி மாற்றுவது? அம்மாவுக்கு அவள் என்று மிச்சம் இருந்தது அந்த மண்தான்.

அதனால் போன மாதம் சலித்தே எடுப்பது என்று இறங்கினேன். டேலியாவைப் பெயர்த்து ஒதுக்கி, முள்ளு மண்வெட்டியால் ஒரு முழ ஆழம் கிளறி, சல்லடையில் மண்ணைப் போட்டு ஆட்டினேன். கிழங்கு டின்னுக்குப் போனது, மண் பாத்திக்குத் திரும்பியது. பாதி வேலையில்தான் என் கை மெதுவாகிவிட்டது எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு கல்லையும் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக எது தட்டுப்பட்டாலும் நெஞ்சு நின்று போனது. கிழங்குதான். எல்லாம் கிழங்குதான்.

அம்மா கதவோரம் எவ்வளவு நேரமாக நின்றாளோ. டின்னைப் பார்க்கவில்லை, சல்லடையையே பார்த்தாள்.

"ஏதாச்சும் கெடச்சுச்சா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது.

"இல்லம்மா. கெழங்கு மட்டுந்தான்."

அம்மா வந்து உட்கார்ந்தாள். என் பக்கத்திலிருந்த டின்னை எடுத்துக்கொண்டு பாத்தியின் நடுவில் சின்னக் குழி பறித்தாள்.

"அப்ப அதாச்சும் இருக்கட்டும்" என்று கிழங்கை எல்லாம் அதில் மெதுவாக இறக்கி, ஒரு பிடி மண் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நானும் ஒரு பிடி போட்டேன்.