இரட்டைக்குழலும் இரண்டு வாளி மணலும்

மார்ச் ஒன்பதாம் தேதி. காலை 10.20. வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று ஒரு பொட்டு இல்லை. என் வீட்டுக் கொல்லையில், வரிசையாகச் செங்கல் அடுக்கிய நீள அடுப்பில், கரி கனன்றுகொண்டிருந்தது. அதன்மேல் என் துப்பாக்கியின் இரட்டைக்குழல்.

10.26-க்கு அதன்மேல் இரண்டு வாளி மணல்.

நடுவில் அந்த ஆறு நிமிடத்தில் என்ன நடந்தது என்பது எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்காவது புரிகிறதா?

துப்பாக்கி என்றதும் பயந்துவிடாதீர்கள். லைசென்ஸ் இருக்கிறது. இருக்கன்குடி போகிற வழியில் மூன்று ஏக்கரில் கடலை போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றி வரும். பன்றியைச் சுடக் கூடாது என்பது சட்டம். எனக்கும் சுடத் தெரியாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி... அவ்வளவுதான்.

"ஊரே வெடி செய்யுது. ஒரு கட்டு வெடியைக் கொளுத்திப் போட்டா பன்னி ஓடிரும். அதுக்கு எதுக்குங்க துப்பாக்கி?" – இது என் மனைவி ராஜம்மாள் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கேள்வி.

நான் சொல்கிற பதில் இது. நம் ஊர்ப் பன்றிகள் வெடிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவை. சரவெடிக்குத் தலையைக்கூடத் தூக்காது. துப்பாக்கிச் சத்தம் வேறு தினுசு; அதற்குத்தான் ஓடும்.

உண்மையில் ஓடுமா? ஓடியதை நான் பார்த்தது மூன்று முறை. ஓடாமல் நின்றதைப் பார்த்தது நான்கு முறை.

விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் வருகிறது, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று தகவல் வந்தது. எல்லாத் தேர்தலுக்கும் வருவதுதான். கொடுப்பதற்கு முன் துடைத்து வைப்போமே என்று குழலைக் கழற்றினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது.

இரட்டைக்குழல் என்பது இரண்டு குழாய்கள். அவற்றின் நடுவே மேலே ஒரு நீளப் பட்டை, கீழே ஒரு பட்டை. நான்கையும் சேர்த்துப் பிடித்திருப்பது வெறும் ஈயப் பற்று. என் துப்பாக்கியில் மேல்பட்டை ஓரிடத்தில் விட்டிருந்தது. நகம் நுழைகிற அளவு இடைவெளி. குழலைக் கயிற்றில் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் மணி மாதிரி 'டங்' என்று கேட்க வேண்டும். எனக்குக் கேட்டது, 'டொக்... கிர்ர்ர்.'

பயம் பிடித்துக்கொண்டது. ஸ்டேஷனில் வாங்கும்போது நிலைமையைப் பார்த்து எழுதுவார்கள். 'பழுது' என்று எழுதிவிட்டால்? ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவருக்கு லைசென்ஸ் எதற்கு என்று புதுப்பிக்காமல் விட்டால்? மதுரையில் இருக்கிற லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்குப் போன் போட்டேன். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது ஐந்து நாள்.

சரி, நாமே செய்தால் என்ன?

போனில் ஒரு வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டினார். பதினான்கு நிமிடம். பார்க்க வெகு சுலபம். பழைய பற்றைச் சுரண்டு, ஈயம் பிடிப்பதற்கான பசையைத் தடவு, கம்பியால் இறுக்கிக் கட்டு, மெதுவாகச் சூடாக்கு, ஈயத்தைக் காட்டு. ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஈயமும் பசையும் ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைத்தன. கம்பிக்கு எங்கே போவது? நான் முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் கணக்குப் பார்த்தவன். நோட்டுப் புத்தகத்துக்குத் தையல் போடுகிற கம்பி ஒரு சுருள் வீட்டில் கிடந்தது. வெள்ளைக்காரர் கட்டியது கறுத்துத் துருவேறிய கம்பி. என்னுடையது பளபளவென்று இருந்தது. பளபளப்பு நல்லதுதானே? ஒன்பது இடத்தில் இறுக்கிக் கட்டினேன்.

பளபளப்பு நல்லதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பளபளப்பான கம்பியை ஈயத்துக்கு ரொம்பப் பிடிக்குமாம். பட்டையை விட்டுவிட்டுக் கம்பியோடு போய் ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்யக் குனிந்தால், முன்பக்கம் ஒட்டுகிறபோது பின்பக்கம் விடுகிறது. பின்பக்கத்தைச் சூடாக்கினால் முன்பக்கம் திறக்கிறது. மேலே பார்த்துக்கொண்டிருந்தபோதே, அதுவரை ஒழுங்காக இருந்த கீழ்ப்பட்டையும் கழன்று தொங்கியது. ஒரே ஈயம் ஏன் இங்கே ஒட்டுகிறது, அங்கே உருகுகிறது? எனக்குத் தலை சுற்றியது.

ஒருவழியாக நடுவில் ஈயம் பளிச்சென்று ஓடத் தொடங்கிய நேரம்...

"அண்ணாச்சி! தள்ளுங்க! தள்ளுங்கங்கேன்!"

சுவர் தாண்டிக் குதித்தவர் பக்கத்து வீட்டுச் செல்வராஜ். பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். கையில் சிவப்பு வாளி. நான் நிமிர்வதற்குள் அடுப்பு, கரி, குழல், ஈயம் எல்லாவற்றின் மேலும் மணல்.

"ஏன்யா! என்னய்யா பண்ணிட்ட?"

"நானா? பட்டப்பகல்ல கொல்லையில தீ கனலுது, என்னையப் பாத்துக் கேக்கீகளே! என்ன அது உள்ள?"

"துப்பாக்கிய்யா. ஈயம் வச்சுக்கிட்டிருந்தேன்."

"துப்பாக்கியா! தீயிலயா!"

சுவர்மேல் தயாராக வைத்திருந்த இரண்டாவது வாளி அப்போதுதான் விழுந்தது.

"தோட்டா இல்லைய்யா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக."

"அப்படியே தீ பரவுனாத்தான் என்ன? உன் பக்கத்துல வெறும் அட்டைப் பெட்டிதானே அடுக்கியிருக்க?"

செல்வராஜ் சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். வாளியைக் கவிழ்த்துத் தட்டினார். "மணல் இன்னும் வேணுமா அண்ணாச்சி?" என்றார்.

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. இந்த வட்டாரத்தில் காரணம் தெரியாத தீயைப் பார்த்தால் முதலில் மணல், அப்புறம்தான் கேள்வி. கை பழகிவிட்டது. ஆனால் உருகின ஈயத்தில் மணல் கலந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கைக்குச் சொல்லித்தரவில்லை.

ஆறியபின் தோண்டி எடுத்து, கட்டியிருந்த கம்பியை வெட்டினேன். இரண்டு குழாய், இரண்டு பட்டை. எல்லாமே தனித்தனி. குழாய்களின் மேல் வெட்டிய கம்பித் துண்டுகள் மட்டும் அசைக்க முடியாமல் ஒட்டியிருந்தன. எது இடது குழாய், எது வலது? அதுவும் தெரியவில்லை.

ராஜம்மாள் வந்து பார்த்தாள். "ஏங்க, போலீஸ்ல ஒரு துப்பாக்கிதான கேட்டாக?"

வெள்ளிக்கிழமை வந்தது. துண்டுகளையும், முதலிலேயே கழற்றிவைத்திருந்த இரண்டு மரக்கட்டைகளையும் அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். செல்வராஜ்தான் தன் பைக்கில் கூட்டிப்போனார். லைசென்ஸ் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஸ்டேஷனில் ஏட்டம்மா சாக்கை விரித்துப் பார்த்தார்.

"என்னய்யா இது, அடிபைப்புக் குழாயா?"

"துப்பாக்கிம்மா."

"எங்க?"

"இதுதாம்மா."

"ரெஜிஸ்டர்ல துப்பாக்கி ஒண்ணுன்னு இருக்கு. இது எம்புட்டு இருக்கு?"

"ஆறு," என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. "குழாய் ரெண்டு, பட்டை ரெண்டு, கட்டை ரெண்டு."

"யாரு இப்படிப் பண்ணுனது?"

செல்வராஜ் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து முன்னே வந்தார். "மணல் போட்டது நான்தாங்க. அண்ணாச்சி தீ மட்டுந்தான் வச்சாரு."

"தீயா?" ஏட்டம்மா நிமிர்ந்தார். "எத்தனை வாளி போட்டீக?"

"ரெண்டு."

"சரியாத்தான் போட்டிருக்கீக," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "துப்பாக்கியை வீட்டுல வச்சு ரிப்பேர் பாக்கப்படாது. அதுக்குத் தனி லைசென்ஸ் வேணும், தெரியுமில்ல? இன்ஸ்பெக்டர் ஐயா பாத்தா கேஸுதான்."

எனக்கு அது தெரியாது. பழுது என்று எழுதுவார்களோ என்று பயந்து, பழுதைவிடப் பெரிய குற்றத்தைச் செய்து வைத்திருக்கிறேன்! பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏட்டம்மா என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, இதை எதுக்கு ஒப்படைக்கச் சொல்லுதோம்?"

"தேர்தல் நேரத்துல சுடக்கூடாதுன்னு."

"இது சுடுமா?"

"சுடாதும்மா. சத்தியமா சுடாது."

"எல்லாரும் சுட மாட்டோம்னு வாயில சொல்லிட்டுப் போறாக. நீங்க ஒருத்தருதான் காமிச்சிட்டுப் போறீக." பேனாவை எடுத்தார். 'துப்பாக்கி ஒன்று – கழற்றிய நிலையில்' என்று எழுதினார். "தேர்தல் முடிஞ்சதும் இங்கனயிருந்து நேரா மதுரைக் கடைக்குப் போகணும். பில்லைக் கொண்டாந்து காமிக்கணும். இடையில எங்கயாவது அடுப்பு மூட்டுனீக..."

மூட்டுவேனா?

துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்த நாட்களில் பன்றிகள் வழக்கம்போல வந்தன, வழக்கம்போலக் கொஞ்சம் தின்றன, வழக்கம்போலப் போயின. துப்பாக்கி இருந்ததற்கும் இல்லாததற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் அது பறிபோய்விடும் என்று ஏன் அப்படி நடுங்கினேன்? எதைக் காப்பாற்றக் கொல்லையில் தீ மூட்டினேன்? யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நம்மிடம் இருக்கிறது என்பதற்காகவே சிலவற்றை வைத்திருக்கிறோம் போல. பயன் என்ன என்று கேட்டால் கோபம் வருகிறது.

போன வாரம்தான் துப்பாக்கி வீடு திரும்பியது. கயிற்றில் தொங்கவிட்டுச் சுண்டினேன். 'டங்.' ராஜம்மாள் அடுப்படியிலிருந்து, "கோயில் மணி மாதிரி இருக்கு. அதுக்காவது ஆச்சே," என்றாள்.

மதுரைக் கடைக்காரர் இரண்டு கூலி வாங்கினார். நான் ஒட்டவைத்த கம்பிகளைப் பிரிக்க ஒன்று, திரும்ப ஒட்ட ஒன்று. அதோடு என் ஈயம், பசை, கரி, செல்வராஜ் பைக்குக்குப் பெட்ரோல், மதுரைக்கு இரண்டு தடவை போய்வந்த பஸ் டிக்கெட்... ஆக மொத்தம் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். மணல் இலவசம்.